குறிஞ்சி நிலத்துக் குழிப்பந்தாட்டக் களங்கள்

கோடை விடுமுறை வந்துற்றதும் மும்பைவாழ் தமிழர் பலர் தாயகம் நோக்கிப் புறப்படுகின்றனர். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நெடுங்காலமாக வாழ்வோரும், கடற்கழிக்கு இப்பால் வாசியிலும் சான்பாடாவிலும் பின்னர்க் குடியேறியோரும், உற்றார் உறவினரைக் கண்டு குலதெய்வத்தை வணங்கிய பின், பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்க உதகைக்கோ கோடைக்கானலுக்கோ சென்று வருதல் வழக்கமாகிவிட்டது. ஆங்கே ஏரியிற் படகு விடுவர். பூங்காவிற் பூக்களைக் காண்பர். மலைமுகட்டில் நின்று பள்ளத்தாக்கை நோக்குவர். அவ்வழியில் வேலியிட்ட பசும்புல் மேடொன்று கண்ணிற் படும். ஆங்காங்கே சிறு கொடிகள் காற்றில் அசையும். அஃது யாதென்று பிள்ளைகள் வினவுங்கால், "வெள்ளைக்காரன் விளையாடிய இடம்" என்று விடை கூறி அப்பாற் செல்கின்றோம்.

அவ்விடையிற் பாதி உண்மை உண்டு. மற்றைப் பாதியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உலகிலேயே அழகு வாய்ந்த விளையாட்டுக் களங்கள் எவை என்று கேட்பின், மேட்டுப் புல்வெளியிலும் ஏரிக்கரையிலும் அமைந்த குழிப்பந்தாட்டக் களங்களையே பலரும் சுட்டுவர். அத்தகைய களங்கள் நம் குறிஞ்சி நிலத்திலும் உள்ளன. அவை காணத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் அழகைக் காண்பதோடு அமையாது, அந்நிலம் யாருடையதாயிருந்தது, அதனைச் சமன் செய்தோர் யாவர், அதன் பொருட்டு எவை மறைந்தன என்பவற்றையும் அறிதல் வேண்டும்.

ஆட்டத்தின் பிறப்பிடம்

கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்து நாட்டில் உருப்பெற்றது. நிலத்தில் வைத்த சிறு பந்தை நீண்ட கோலால் அடித்து, நூற்றுக்கணக்கான கெஜத்திற்கு அப்பாலுள்ள குழியில் வீழ்த்துதல் வேண்டும். இவ்வாறு 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவராவார். எதிரியின் பந்தை ஒருவர் தொடுவதில்லை. அவரவர் தம் பந்தோடும் தம் பொறுமையோடுமே போராடுகின்றனர். ஆட்டம் முடிவதற்குள் நான்கைந்து மைல் நடந்தாக வேண்டும். ஆதலின் நடக்கும் நிலத்தின் அழகு இவ்வாட்டத்தோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துவிட்டது.

1457-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்சின் காலத்து நாடாளுமன்றம் இவ்வாட்டத்தையும் கால்பந்தையும் தடை செய்தது. குடிமக்கள் விற்பயிற்சியை மறந்து பந்தின் பின் ஓடுகின்றனர் என்பதே அதற்குக் காரணம். நாட்டைக் காக்கும் வில்லை விடப் பந்து பெரிதாகிவிட்டது போலும்! எனினும் தடை நிலைக்கவில்லை. 1744-இல் எடின்பரோ நகரை அடுத்த லீத் என்னும் ஊரில் ஆட்டத்தின் 13 விதிகள் எழுத்தில் வகுக்கப்பட்டன. 1754-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில் ஆட்டக்காரர் கழகம் ஒன்று கண்டனர். அங்கு 1764-இல் ஏற்பட்ட 18 குழி முறையே நாளடைவில் உலகெங்கும் பரவிற்று.

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்துக் கண்ட தமிழர்க்கு இவ்வாட்டத்தின் வளர்ச்சியை எளிதில் விளக்கலாம். முதற் களங்கள் யாவும் நெய்தல் நிலத்தில் அமைந்தவை. கடலுக்கும் கழனிக்கும் இடையே ஏருக்குப் பயன்படாத மணல் மேடுகள் கிடந்தன. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து அங்குள்ள புல்லைக் கட்டையாக்கின. காற்று மணலை வாரிக் குழிகள் ஆக்கிற்று. இயற்கையும் ஆட்டு மந்தையும் செய்து முடித்த அத்தகைய களத்தை அவர்கள் 'லிங்க்ஸ்' என்று அழைத்தனர். பின்னர் ஆட்டம் உள்நாடு புகுந்து முல்லையையும் குறிஞ்சியையும் அடைந்தது. மரம் அருகிப் புல்லும் ஊதா நிறப் பூக்கள் செறிந்த ஹெதர் என்னும் புதரும் படர்ந்து, பனியும் காற்றும் உலவும் உயர்ந்த நிலப்பரப்பை ஆங்கிலேயர் 'மூர்' என்பர். ஏரியை ஸ்காட்லாந்து மக்கள் 'லாக்' என்பர். பெர்த்ஷயர் வட்டாரத்தில் ஜேம்ஸ் பிரெயிட் என்னும் ஆட்ட வல்லுநர் வகுத்து 1919-இல் திறக்கப்பெற்ற கிளென் ஈகிள்ஸ் களம் மேட்டுப் புல்வெளிக் களத்திற்குச் சான்றாகும். லோமண்டு ஏரியின் கரையில் 1990-களில் அமைந்த களம் ஏரிக்கரைக் களத்திற்குச் சான்றாகும்.

இவ்விடத்தில் ஒன்றை மறத்தலாகாது. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்கள் மனித நடமாட்டமின்றி வெறிச்சோடிக் கிடப்பதையே காண வருவோர் அழகென்று வியக்கின்றனர். அவ்வெறுமை முழுவதும் இயற்கை தந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டிலும் நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணைகளின் பொருட்டுக் குடியானவர்களை அவர்தம் குடிசைகளினின்றும் வெளியேற்றினர். அவருட் பலர் கப்பலேறிக் கானடா முதலிய தூர தேசங்களுக்குச் சென்றனர். ஊர் இருந்த இடத்திற் புல் முளைத்தது. புல் முளைத்த இடத்தைப் பின்வந்தோர் எழில் நிலம் என்றனர். இதே கதை வேறு பெயர்களோடு நம் நாட்டு மலைகளிலும் நடந்தது.

கடல் கடந்த பந்து

ஆங்கில ஆட்சியோடு இவ்வாட்டமும் கடல் கடந்தது. பிரிட்டானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றி இன்றளவும் நிலைத்துள்ள கழகங்களுள் மிகப் பழையது 1829-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டதாகும். அதனை அடுத்து 1842-இல் நம் பம்பாயிலும் ஒரு கழகம் ஏற்பட்டது. அது பிற்காலத்தில் மறைந்துவிட்டது.

பந்தின் வரலாற்றிலும் தமிழர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பழங்காலத்தில் தோலுறைக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்தனர். அது விலை மிக்கது; மழையில் நனைந்தாற் கெட்டுவிடும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மலேயாக் காடுகளில் வளரும் மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் 'கட்டா பெர்ச்சா' என்னும் பொருளாற் பந்து செய்யக் கற்றனர். பந்தின் விலை குறைந்தது. செல்வர் மட்டும் ஆடிய ஆட்டம் நடுத்தர மக்களையும் சென்றடைந்தது. 1898-இல் அமெரிக்கர் ஒருவர் ரப்பர் நூலைச் சுற்றிச் செய்யும் பந்தைக் கண்டார். பின்வந்த ஆண்டுகளில் உலகிற்கு ரப்பரை வாரி வழங்கிய நாடுகளுள் மலேயா தலைசிறந்து விளங்கிற்று. அத்தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவிப் பால் எடுத்தவர் பெரும்பாலும் நம் தமிழ்க் குடியினரே. பசும்புல்லில் உருண்ட பந்துக்கும் பால்மரக் காட்டில் உழைத்த கைக்கும் தொடர்பு இருந்தது என்று கூறின் மிகையாகாது.

ஒற்றைக்கல் மந்து

நிற்க. நம் நாட்டு மலைகளுக்கு வருவோம். 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேட்டு நிலத்தை அடைந்தார். சமவெளியின் வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயர்க்கு அம்மலை தம் தாயகமே எதிர்வந்தாற் போலத் தோன்றிற்று. மெல்லிய மடிப்பு மடிப்பாக எழுந்து தாழும் புல்மேடுகள், மேடுகளின் இடுக்குகளில் மட்டும் இருண்டு செறிந்த சோலைகள், காலையில் வெண்பனி. சல்லிவன் அங்குக் கல்வீடு கட்டினார். 1823 முதல் 1825 வரையிலான காலத்தில் ஓடைநீரைத் தேக்கி ஏரி அமைத்தார். உருளைக்கிழங்கு முதலிய மேனாட்டுக் காய்களைப் பயிரிடச் செய்தார்.

அவர் காலடி வைக்கும் முன்னர் அந்நிலம் ஆளற்றுக் கிடந்ததோ எனின், அன்று. தோதவர், படகர், கோத்தர், குறும்பர், இருளர் முதலியோர் அம்மலையின் குடிகள். உதகமண்டலம் என்னும் பெயரே 'ஒற்றைக்கல் மந்து' என்பதன் திரிபு என்று அறிஞர் பலர் கருதுவர். மந்து என்பது தோதவரின் சிற்றூர். தோதவர் எருமை வளர்ப்பையே வாழ்வாகவும் வழிபாடாகவும் கொண்டவர். அவர்தம் பாற்கூடமே கோயில். ஆதலின் புல்வெளி அவர்க்கு வெறும் மேய்ச்சல் நிலம் மட்டுமன்று, தெய்வத்தின் இடமுமாகும். மலைக்குடிகளுக்கே நிலத்தின் முழு உரிமை உண்டு என்று சல்லிவன் வாதாடினார் என்பதை அவர் புகழுக்குரியதாகக் குறித்தல் தகும். ஆயினும் சென்னை அரசாங்கத்தில் அவர் வாதம் நெடுங்காலம் வெற்றி பெறவில்லை. புல் வளர்ந்த நிலத்தைப் 'பயனற்றுக் கிடக்கும் நிலம்' என்று அரசாங்க ஏடுகள் கருதத் தொடங்கின.

1841-இல் உதகையில் ஆங்கிலேயர் தம் கிளப்பை நிறுவினர். வேட்டை நாய்களுடன் குதிரையேறிப் புல்மேடுகளில் நரி வேட்டைக்குச் சென்றனர். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் அப்புல்வெளி 'வென்லாக் டௌன்ஸ்' என்று வழங்கலாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அப்புல்மேட்டின் ஒரு பகுதியில் உதகை ஜிம்கானா கழகத்தின் குழிப்பந்தாட்டக் களம் உருவாயிற்று. மலைச் சரிவையே சரிவாகவும், ஓடையையே தடையாகவும் கொண்டு அமைந்த களம் அது. ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமாதலின் காற்று மெல்லியது. அடித்த பந்து சமவெளியில் செல்வதினும் சற்றுத் தொலைவு செல்லும். ஸ்காட்லாந்தின் மேட்டு நிலக் களத்தைத் தென்னாட்டிற் காண விரும்புவோர்க்கு இதனினும் பொருத்தமான இடம் பிறிதில்லை.

இக்களத்தின் சுற்றுப்புறத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு மற்றொன்று புலனாகும். புல்மேடுகள் பலவற்றின் மீது இன்று தைலமரமும் சீகை மரமும் பைன் மரமும் நிற்கின்றன. இவை இம்மலைக்குரியவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட சீகையும் தைலமரமும் முதலில் விறகுக்காகவே நடப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டுக்குரிய கூழுக்காகவும் பெரும் பரப்பில் வளர்க்கப்பட்டன. தோல் பதனிடுதலையே தொழிலாகக் கொண்டு திருநெல்வேலிச் சீமையினின்றும் தாராவிக்கு வந்தோர் வழித்தோன்றல்கள் நம்மிடையே உள்ளனர். பட்டையின் பயனை அவர்கட்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அப்பட்டைக்கு ஈடாக மலை இழந்தது யாது? புல்வெளியே மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி, சிறுகச் சிறுகச் சோலைக்கும் ஓடைக்கும் விடுவது. பவானியும் மோயாறும் அவ்வோடைகளாற் பெருகுவன. சங்க நூல்கள் வருடை என்று கூறும் வரையாடு, இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு, அப்புல்லை நம்பியே வாழ்கின்றது. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூத்து மலையை நீலமாக்கும் குறிஞ்சியும் அப்புல்வெளியின் செல்வமே. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பூத்தது. மேய்ச்சற் புல் மறைந்தமையால் தோதவரின் எருமைகளும் குறைந்தன.

இதில் ஒரு வியப்பு உண்டு. மரம் நடும் ஆர்வத்தில் புல்மேடுகள் பல மறைந்தபோது, ஆட்டத்திற்காக வேலியிட்ட மேடு மட்டும் மரமின்றித் தன் பழைய வடிவைக் காத்துக் கொண்டது. அங்குள்ள புல் வெட்டிப் பேணப்படும் புல். பழைய புல்வெளியின் நூறு வகைச் செடிகளை அதிற் காண்டல் அரிது. ஆயினும் நிலத்தின் எழுச்சியும் தாழ்ச்சியும் முன்னோர் கண்டவாறே இன்றும் தெரிகின்றன. உரிமையைப் பறித்த வேலியே உருவத்தைக் காத்தது! வரலாறு நன்மையையும் தீமையையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து நமக்குத் தருவதில்லை.

கோடைக்கானல்

பழனிமலைத் தொடரில் அமைந்த கோடைக்கானல் ஆங்கில அதிகாரிகளால் அன்றி அமெரிக்கச் சமயத் தொண்டர்களாற் குடியேற்றம் பெற்ற ஊராகும். மதுரையிற் பணியாற்றிய அவர்கள் 1845-இல் இரண்டு வீடுகளை அங்குக் கட்டினர். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு ஓடைக்குக் கரை கட்டி, விண்மீன் வடிவினதென்று கூறப்படும் ஏரியை உருவாக்கினார். 1895-இல் குழிப்பந்தாட்டக் கழகம் தோன்றிற்று. ஏரியைக் கடந்து தூண்பாறைக்குச் செல்லும் திசையில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அக்களத்தைக் காணலாம். மாலையில் மூடுபனி இறங்குங்கால், எதிர்நிற்கும் கொடியும் மறைந்துவிடும். காட்டுமாடுகள் தம் விருப்பம் போல் வந்து மேய்வதும் உண்டு. ஆட்டக்காரர் கோலைத் தாழ்த்திக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. நிலத்தின் பழைய உரிமையாளர் வந்துள்ளார் என்று கொள்க!

1910-களில் மோட்டார்ப் பாதை அமையும் வரையில் கோடைக்கானலுக்கு மலையடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையிலேயே செல்ல வேண்டும். நடக்க இயன்றோர் நடந்தனர். குதிரையேற வல்லோர் ஏறினர். ஏனையோரைத் தமிழ்த் தொழிலாளர் டோலியில் வைத்துத் தோளிற் சுமந்து மலையேற்றினர். பெட்டி, பேழை, இசைப்பெட்டி, இரும்பு அடுப்பு ஆகிய யாவும் மனிதர் தலையிலும் தோளிலுமே மலையேறின. குழிப்பந்துக் கோல்களும் அவ்வழியே வந்திருத்தல் வேண்டும். கழகத்தின் சுவரிற் பொறிக்கப்படும் வெற்றியாளர் பெயர்களைப் போல், அச்சுமையாளர் பெயர்களை எவரும் எங்கும் பொறித்திலர்.

கோடைக்கானலிற் குறிஞ்சி ஆண்டவர் கோயில் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துப் பெருமகனார் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்து சமயத்தைத் தழுவிய மேனாட்டு அம்மையார் இலீலாவதி 1936-இல் எழுப்பிய கோயில் அஃது. மேனாட்டார் மலைக்கு வந்து தம் ஆட்டத்தை நிறுவினர். அவர்களுள் ஒருவரே மலையின் பழந்தெய்வத்திற்குக் கோயிலும் நிறுவினார். களத்தைக் காணச் செல்வோர் அக்கோயிலையும் கண்டு வருவாராக.

நுவரெலியா

ஈழத்து மலைநாட்டின் நடுவே, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நுவரெலியா அமைந்துள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை அதன் அருகே நிற்கின்றது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873-இல் ஊரருகே ஏரி அமைக்கப்பட்டது. இன்றும் அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1889-இல் குழிப்பந்தாட்டக் கழகம் தோன்றிற்று. ஊரின் நடுவிலேயே, உயர்ந்த மரங்களுக்கிடையே, நீரோடைகள் குறுக்கிடப் பரந்து கிடக்கும் அக்களத்தில் நடப்போர்க்குத் தாம் ஸ்காட்லாந்திலேயே நடப்பதாகத் தோன்றினும் வியப்பில்லை. அக்களத்தில் ஆடிய தோட்டத் துரைமாருட் பலர் ஸ்காட்லாந்தினின்றே வந்தவர். 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு அத்தொழிலுக்கு வித்திட்ட ஜேம்ஸ் டெயிலரும் ஸ்காட்லாந்துக்காரரே. காப்பிச் செடியை இலைநோய் அழித்த பின்னர், தேயிலை மலையை மூடிற்று.

மலையை மூடிய தேயிலையை நட்ட கை யாருடையது? திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய இடங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டுக் கங்காணிகளின் பின் சென்ற தமிழருடையது. கடலைத் தோணியிற் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே பல நாள் நடந்து மலையேறினர். வழியிலேயே நோயால் மாண்டோர் பலர். சேர்ந்தோர் லயங்களில் அடைந்தனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசை நின்றனர். துரைமார் ஓய்வுநாளிற் பந்தடித்த பசுமையைச் சூழ்ந்து நின்ற மற்றைப் பசுமை அவர்தம் வியர்வையால் வளர்ந்தது.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் அம்மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்து கொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். தாயகம் திரும்பியோர்க்கு வேலை தரும்பொருட்டு 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. எங்கே? அதே நீலகிரியில்! கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் அவர்கள் மீண்டும் கொழுந்து கிள்ளினர். இலங்கை மலையிலிருந்து வந்த குடும்பத்திற்கு நீலமலையின் பனி புதிதன்று; சொந்தமென்று சொல்ல ஓர் அடி நிலமின்மையும் புதிதன்று. எஞ்சியோர் குடியுரிமைச் சிக்கல் இலங்கையில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது.

நம் அண்டையில்

மலைக் களங்களைப் பற்றிப் பேசுகின்ற நாம் நம் வாயிலருகே உள்ளவற்றை விடுதல் தகாது. பம்பாய் ஆளுநராயிருந்து (1913–1918) பின்னர்ச் சென்னை ஆளுநரான வில்லிங்டன் பிரபு, ஐரோப்பியரும் இந்தியரும் ஒருங்கே சேர்தற்குரிய கழகமொன்றை இந்நகரில் நிறுவினார். அக்காலத்தில் அது புதுமை. செம்பூரில் பம்பாய் மாகாணக் குழிப்பந்தாட்டக் கழகம் 1927-இல் தோன்றிற்று. தமிழர் செறிந்து வாழும் செம்பூரின் நடுவே அப்பசுமை இன்றும் விளங்குகின்றது.

அதன் மதிற்புறத்தே நடைபெறும் ஆட்டம் ஒன்றுண்டு. களத்திற் கோற்பை சுமந்த சேரி இளைஞர், வளைத்த இரும்புக் கம்பியைக் கோலாகவும் பிளாஸ்டிக் பந்தைப் பந்தாகவும் கொண்டு குறுகிய சந்துகளில் அவ்வாட்டத்தை ஆடத் தொடங்கினர். கூரை ஒரு தடை. சாக்கடை ஒரு தடை. கலை பிறர் கையிலிருப்பினும் கண்ணால் கற்றுக் கொள்ளும் ஏகலைவர் எக்காலத்தும் உளர். தில்லியிற் கோற்பை சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓபன் போட்டியை வென்று, இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரருள் அதனை வென்ற முதல்வரானார். பெங்களூரிற் கோற்பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் அப்பட்டத்தை வென்றார். சுமந்தவன் ஆடத் தொடங்கியமை இவ்வாட்டத்தின் இந்திய வரலாற்றில் பொன்னெழுத்திற் பொறிக்கத்தக்கது.

சான்பாடாவாசிகளுக்கு மிக அண்மையிலுள்ளது கார்கர் களம். 1970-இல் தோன்றிப் புதிய மும்பையை அமைத்த சிட்கோ நிறுவனமே அதனையும் அமைத்தது. மழைக்காலத்தில் கார்கர் மலைச்சரிவுகளில் வெள்ளிக் கம்பிகள் போல் அருவிகள் இறங்கும். பாண்டவ்கடா அருவியின் ஓசை எழும். மேட்டுப் புல்வெளியின் சாயலை உதகை செல்லாமலே காண விரும்புவோர் ஆவணி மாதத்தில் அத்திசை சென்று வரலாம்.

ஆயின் நெருளில் நிகழ்ந்தது வேறு. கடற்கழியை ஒட்டிய சதுப்பு நிலத்தில் குழிப்பந்தாட்டக் களமும் குடியிருப்பும் அமைக்க 2016-இல் வழி செய்யப்பட்டது. ஆங்கே பருவந்தோறும் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. கடல்நீர் பெருகுங்கால் அந்நிலம் அதனை ஏற்று ஊரைக் காக்கின்றது. இயற்கை ஆர்வலர் வழக்குத் தொடுத்தனர். 2018-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்திட்டத்திற்கு அளித்த அனுமதியை நீக்கிற்று. வழக்கு பின்னர் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. தாணே கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022-இல் அனைத்துலகச் சிறப்புடைய சதுப்பு நிலங்களின் வரிசையிலும் இடம் பெற்றது. தமிழகத்திலோ 2024-இல் உதகையிலும் கிண்டியிலும் குதிரைப் பந்தயத் திடல்களை அரசு மீட்டுப் பொதுப்பூங்கா அமைக்க முற்பட்டது. கிண்டித் திடலினுள்ளும் ஒரு குழிப்பந்தாட்டக் களம் இருந்தது. நீலகிரியில் அன்று 'பயனற்ற நிலம்' என்ற சொல் புல்வெளியை விழுங்கியது. சதுப்பு நிலத்தின் மேலும் இன்று அதே சொல்லே வீசப்படுகின்றது. சொல்லின் பொருளை நாம் அறிந்து கொண்டால், நிலத்தின் பொருள் காக்கப்படும்.

காணச் செல்வோர்க்குச் சில சொற்கள்

உதகை, கோடைக்கானல், நுவரெலியா ஆகிய மூன்று களங்களும் வெளியூரினரைக் கட்டணத்தின் பேரில் ஏற்கும் வழக்கமுடையவை. முன்கூட்டி விசாரித்துச் செல்லுதல் நன்று. ஆடத் தெரியாதவர் சாலையோரம் நின்றே அழகைத் துய்க்கலாம். பனி விலகும் முற்பகலே உகந்த பொழுது. உதகை செல்வோர் தோதவர் மந்து ஒன்றையும் அவர்தம் அனுமதியோடு கண்டு வருக. சிவப்பும் கறுப்புமாக அவர்தம் மகளிர் செய்யும் பூத்தையலை அவர்களிடமே விலை கொடுத்து வாங்குக. நுவரெலியா செல்வோர் ஏரியைக் கண்ட அன்றே ஒரு தோட்டத்து லயத்தையும் கண்டு, அங்குள்ள முதியோரிடம் தமிழில் இரண்டு சொல் பேசுக. அவர்கள் பாட்டனார் ஊர் நம் பாட்டனார் ஊரின் பக்கத்து ஊராயிருத்தலும் கூடும்.

நாமும் ஊர் பெயர்ந்து வந்தோரே. சமவெளியிலிருந்து மலைக்குச் சென்றவரும், ஈழத்திற்கும் மலேயாவிற்கும் கடல் கடந்தவரும், தாராவிக்கு இரயிலேறியவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தோட்டத்திலோ மலைப்பாதையிலோ விளையாட்டுக் களத்திலோ உழைத்த முன்னோரை உடைய குடும்பத்தார் நம் சங்கத்தில் இருப்பின், வீட்டு முதியோரின் நினைவிலுள்ளவற்றை எழுதி அடுத்த ஆண்டு மலருக்கு அளிக்குமாறு வேண்டுகின்றேன். வென்றோர் பெயர்கள் கழகச் சுவர்களில் உள்ளன. சுமந்தோர் பெயர்கள் நம் வீட்டு முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. அவர்கள் இருக்கும்போதே அவற்றை ஏட்டில் ஏற்றிவிடுதல் நம் கடன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!